சோடி சேராத இரண்டு சப்பாத்துகள்

2022-ஆம் ஆண்டு நடுப்பகுதி, இலங்கையில் பொருளாதார நெருக்கடிக் காலம். மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோல் இல்லை, சமையல் காஸ் இல்லை. கரண்ட் வருவதும் போவதும் அட்டவணைப்படி. திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் பைபர் படகுகள் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தன. எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எங்கள் முன்வீட்டு அண்ணை கடலுக்குப் போகிறவர். கிழியாத வலையையும் எடுத்து விரித்து, இன்னொரு தரம் பார்த்து, திரும்பச் சுருட்டி வைப்பதுதான் அந்த நாட்களில் அவருக்கு வேலை. எனக்கும் அலுவலகம் வாரத்தில் இரண்டு நாள்தான். பின்னேரமானால் இரண்டு பேரும் என் வீட்டு விறாந்தைக்கு வந்துவிடுவோம்.

அந்த விறாந்தையில்தான் 'ராபின்சன் குரூசோ'வை முதல் தடவையாக வாசித்தேன்.

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைவிட வெட்கம், அதை வாசித்துவிட்டதாகவே முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பிலோ ஏழிலோ, படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. கப்பல் உடைகிறது, ஒருவன் தீவில் ஒதுங்குகிறான், ஆட்டுத்தோல் குடை பிடிக்கிறான், வெள்ளிக்கிழமை என்ற ஒருவன் வருகிறான், கப்பல் வருகிறது, போய்விடுகிறார்கள். எல்லாம் எண்பது பக்கத்துக்குள். அவ்வளவுதான் கதை என்று இருந்துவிட்டேன்.

முழுப் புத்தகம் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அவர் இங்கே பிரிட்டிஷ் கடற்படையின் டொக்யார்டில் கிளார்க்காக இருந்தவர். 1957-இல் வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது, அவருக்கு மிச்சமானது ஒரு சுவர்க்கடிகாரமும் இருபது ஆங்கிலப் புத்தகங்களும். கடிகாரம் ஓடவில்லை. புத்தகங்களைக் கரையான் முழுவதும் தின்று முடிக்கவில்லை.

முதல் நாற்பது பக்கம் மல்லுக்கட்டுத்தான். டேனியல் டீஃபோ இதை 1719-இல் வெளியிட்டார். அத்தியாயம் என்று ஒன்றும் கிடையாது, ஒரே மூச்சு. ஒரு வாக்கியம் பக்கத்தின் தலையில் தொடங்கினால் இடுப்பு மட்டும் வந்துதான் நிற்கும். ஆனால் ஒரு கட்டத்தில் காது பழகிவிடுகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, வெற்றிலையை ஒதுக்கி ஒதுக்கி, விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து கதைக்கிற மாதிரித்தான் அது.

நான் எதிர்பாராதது முதல் காட்சியே. குரூசோவின் அப்பா வாதநோயோடு கட்டிலில் இருக்கிறார். மகனைக் கூப்பிட்டு, கடலுக்குப் போகாதே என்கிறார். பரம ஏழைகளும் பெரும் பணக்காரர்களும்தான் அப்படிப் போவார்கள், நாம் நடுத்தர ஆட்கள், இதைவிடச் சுகமான நிலை உலகத்தில் இல்லை, வீட்டோடு இரு என்று கண்ணீர் விடுகிறார். 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்று பிள்ளைக்குப் பாடமாக்கித் தந்தவர்கள் நாங்கள். ஆனால் எந்தத் தமிழ் அப்பா அதைத் தன் மகனிடம் சொல்லியிருக்கிறார்? என்னுடைய அப்பாவும் யோர்க் நகரத்து அப்பா சொன்னதைத்தான் சொன்னார். கவர்ன்மென்ட் உத்தியோகம், மாதச் சம்பளம், பென்ஷன். நான் கேட்டேன், குரூசோ கேட்கவில்லை. அதனால்தான் அவனைப் பற்றி நாவல் இருக்கிறது.

சரி, கடலுக்குப் போகிறான். முதல் பயணத்திலேயே கப்பல் தாழ்கிறது. இன்னொரு பயணத்தில் மொரோக்கோக் கரைக் கொள்ளையர் அவனைப் பிடித்துச் சலே துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அடிமையாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வருடம் அடிமை! என் எண்பது பக்கப் புத்தகத்தில் இது இருக்கவே இல்லை. எசமானின் மீன்பிடி வள்ளத்தில் ஒரு நாள் தப்பி ஓடுகிறான். கூடவே சூரி என்று ஒரு சின்னப் பையன். ஆபிரிக்கக் கரையோரமாக இரண்டு பேரும் தெற்கே போகிறார்கள். தண்ணீர் எடுக்க யார் கரையில் இறங்குவது என்ற பேச்சு வருகிறது. நான் போகிறேன், காட்டாட்கள் வந்தால் என்னைத் தின்னட்டும், நீ தப்பிப் போ என்கிறான் அந்தப் பையன். வாசித்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

பத்துப் பக்கம் தள்ளி ஒரு போர்த்துக்கேயக் கப்பல் அவர்களைக் காப்பாற்றுகிறது. கப்டன் நல்லவர். சூரியை எனக்கு விற்கிறாயா என்று கேட்கிறார். குரூசோ கொஞ்சம் தயங்குகிறான். அவன் உதவியால்தான் என் விடுதலை கிடைத்தது, அவன் விடுதலையை விற்கலாமா என்று யோசிக்கிறான். கிறிஸ்தவனானால் பத்து வருடத்தில் விட்டுவிடுகிறேன் என்கிறார் கப்டன். சரி என்றுவிடுகிறான். விலை அறுபது வெள்ளிக்காசு.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரேசிலில் தோட்டம் போடுகிறான். அங்கே ஓர் இடத்தில் சூரியை நினைக்கிறான். அப்பாடா, மனம் உறுத்துகிறது போல என்று பார்த்தால், வேலைக்கு ஆள் காணாது, அவனைக் கொடுத்தது பிழையாகப் போய்விட்டது என்று நினைக்கிறான்!

கப்பல் உடைந்த கதைக்கு வருவோம். அந்தப் பிரபலமான பயணம் எதற்காக என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படம் போட்ட புத்தகத்தில் அவன் சும்மா கடலைப் பார்க்கப் போனது மாதிரித்தான் இருந்தது. முழுப் புத்தகத்தில் அவன் போனது அடிமை பிடிக்க. பிரேசில் தோட்டக்காரர்கள் சேர்ந்து, மணி, கண்ணாடி, கத்தரிக்கோல், கோடாரி என்று சாமான் ஏற்றி, ஆபிரிக்காவின் கினிக் கரைக்குப் போய் ஆள் வாங்கி வர அவனை அனுப்புகிறார்கள். 1659 செப்டெம்பர் 1-இல் புறப்படுகிறான். செப்டெம்பர் 30-இல் தீவு. பிள்ளைகளுக்கான புத்தகத்தில் அடிமை வியாபாரத்தை எப்படி எழுதுவது என்று வெட்டியிருப்பார்கள். வெட்டினவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அவர் வெட்டியெறிந்த இடத்தில்தான் அந்த ஆள் யார் என்பது இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் என்னால் புத்தகத்தை வைக்க முடியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், டீஃபோ பொல்லாத எழுத்தாளர். கரைக்கு நீந்தி வந்தவன் தன் கூட்டாளிகளைத் தேடுகிறான். ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களுடையது என்று பிறகு அவன் கண்டதெல்லாம் மூன்று தொப்பிகள், ஒரு குல்லா, சோடி சேராத இரண்டு சப்பாத்துகள். அவ்வளவுதான் எழுதுகிறார். அழவில்லை, ஐயோ என்னவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சப்பாத்துகள் என்ன என்று தெரியும். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரை முழுக்கச் சோடி சேராத செருப்புகள் கிடந்தன. இரண்டு மாதம் கழித்துக்கூட மணலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முந்நூறு வருடத்துக்கு முன்னர் லண்டனில் இருந்துகொண்டு அந்த ஆளுக்கு இது எப்படித் தெரிந்தது?

அதே டீஃபோ அடுத்த சில பக்கங்களில் கோட்டை விடுவார். உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு உடைந்த கப்பலுக்கு நீந்திப் போகிற குரூசோ, அங்கே போனதும் பொக்கற்றுகளில் பிஸ்கட்டை நிரப்புகிறான். எந்தப் பொக்கற்று? தீவில் இருந்த காலம் 28 வருடம், 2 மாதம், 19 நாள் என்று ஒரு கணக்கும் சொல்கிறான். புறப்பட்டது 1686 டிசம்பர் 19. பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன், 27 வருடம்தான் வருகிறது. சம்பளப் பட்டியல் பார்க்கிறவன் கண்ணுக்கு இப்படியானவை தப்பாது.

கப்பலில் காசு கண்ட இடம் எனக்கு மிகப் பிடித்தது. தங்கமும் வெள்ளியுமாக முப்பத்தாறு பவுண். கையில் வைத்துக்கொண்டு, நீ எனக்கு எதற்கு, இந்தக் கத்தி ஒன்று உன் குவியலைவிடப் பெறுமதி, கடலுக்குள்ளே போ என்று பெரிய பிரசங்கம் செய்கிறான். அப்புறம் யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டான் என்று முடிகிறது. எரிபொருள் வரிசையில் இரண்டு இரவு நின்றுவிட்டு வந்து, கட்டுக் காசு இருந்தும் அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் அதை வாசித்தேன். முன்வீட்டு அண்ணைக்கும் வாசித்துச் சொன்னேன்.

"எடுத்தவன்தானே? நானும் எடுத்திருப்பன்" என்றார்.

அன்றிலிருந்து அவரும் கதை கேட்கத் தொடங்கினார். நான் வாசித்ததைப் பின்னேரம் சொல்ல வேண்டும், அவர் தீர்ப்புச் சொல்வார். கோழித்தீன் சாக்கை உதறின இடத்தில் வாற்கோதுமை முளைத்ததைக் கடவுளின் அற்புதம் என்று குரூசோ நினைத்தான் என்றால், "விசர்" என்பார். இரண்டு மாதம் மண் குழைத்து இரண்டே இரண்டு அவலட்சணமான பானை செய்தான் என்றால், "பொம்பிளைகளைக் கேட்டிருந்தா ரெண்டு நாள்" என்பார். கேட்க அங்கே யார் இருந்தார்கள் என்று நான் சொல்வேன்.

வள்ளத்தின் கதை வந்த அன்று அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். குரூசோ பெரிய சீடர் மரம் ஒன்றைத் தறிக்கிறான். அடியை வெட்ட மட்டும் இருபது நாள், கிளை கழிக்கப் பதினான்கு நாள். குடைந்து, செதுக்கி, இருபத்தாறு பேர் ஏறக்கூடிய வள்ளமாக ஆக்குகிறான். மாதக்கணக்கில் உளி பிடித்து முடித்த பிறகு பார்த்தால், தண்ணீர் நூறு கெஜம் தள்ளி. நடுவில் மேடு. அசைக்க முடியவில்லை. வெட்டத் தொடங்கும்போதே அந்த எண்ணம் வந்ததாம். முதலில் செய்வோம், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டானாம். வள்ளம் கடைசிவரை செய்த இடத்திலேயே கிடக்கிறது.

"ஒரு வள்ளம் செய்யிறவன் முதல்ல பாக்கிறது மரத்தை இல்லைத் தம்பி" என்றார் அண்ணை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தள்ளுறதுக்கு எத்தினை பேர் இருக்கு எண்டதைத்தான்."

பிறகு சின்னதாக இன்னொன்று செய்து, ஆறடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, கிட்டத்தட்ட அரை மைல் தூரம் கொண்டுபோய் இறக்குகிறான், அதற்கு இரண்டு வருடம் போகிறது என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் படகு கிடந்த பக்கம் பார்த்தார்.

கடல் நாவல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் இது வேலையைப் பற்றிய நாவல். புயலும் கொள்ளையரும் ஐந்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம். மிச்சமெல்லாம் வேலி அடைப்பது, ஆடு வளர்ப்பது, மை தீர்ந்துபோகாமல் தண்ணீர் கலந்து கலந்து எழுதுவது, நன்மை ஒரு பக்கம் தீமை ஒரு பக்கமாகக் கணக்குப் புத்தகம் போல எழுதிப் பார்ப்பது. கிளிக்குப் பேசப் பழக்குகிறான். ஒருநாள் களைத்துப்போய்த் தூங்குகிறபோது, பாவம் ராபின் குரூசோ, எங்கே இருக்கிறாய் என்று அது அவன் குரலிலேயே அவனைக் கேட்கிறது. அந்த இடம் எனக்குப் புயலைவிடப் பயமாக இருந்தது.

அதைவிடப் பயம் ஒன்று இருந்தது. கடற்கரை மணலில் ஒற்றைக் காலடி.

பதினைந்து வருடம் மனித முகம் காணாதவன். ஆள் இல்லையே என்று அழுதவன். ஒரு நாள் நடுப்பகலில் மணலில் வெறும் காலடி ஒன்றைப் பார்க்கிறான். குதிக்கால், விரல்கள் எல்லாம் தெளிவாக. சந்தோஷப்பட வேண்டியவன் வெருண்டு ஓடுகிறான். வழியில் நிற்கிற மரக்கட்டை ஒவ்வொன்றும் மனிதனாகத் தெரிகிறது. வீட்டுக்குள் எப்படி நுழைந்தான் என்றே நினைவில்லை. சிறுவயதில் இதை வாசித்தபோது எனக்கு விளங்கவில்லை என்று எழுத வந்தேன். இல்லை, எனக்கு விளங்கியிருந்தது.

1990 ஜூனில் எனக்குப் பத்து வயது. சண்டை திரும்பத் தொடங்கி, ஊரை விட்டுக் காட்டோரமாகப் போய் இருந்தோம். பன்னிரண்டு குடும்பம். தண்ணிக்கு ஒரு சின்ன ஊற்று. விடியப்புறம் அப்பாவோடு வாளி கொண்டு போனேன். ஊற்றங்கரையின் ஈரமணலில் பூட்ஸ் அடி ஒன்று. ஒன்றே ஒன்று. அடுத்த காலைப் புல்லில் வைத்திருக்க வேண்டும். அப்பா என் வாயைப் பொத்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் பொத்தினார். யாருடைய பூட்ஸ் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. வாளி நிரம்பாமலே திரும்பினோம். அன்று மத்தியானம் பன்னிரண்டு குடும்பமும் இடம் மாறியது.

ஏன் ஒற்றைக் காலடி, மற்றக் கால் எங்கே போனது என்று டீஃபோவைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் கேலி செய்யமாட்டேன்.

வெள்ளிக்கிழமை வருகிறபோது நாவல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முடிந்துவிட்டது. குரூசோ அவனைக் கொலையிலிருந்து காப்பாற்றுகிறான், உண்மை. ஆனால் முதலில் கற்றுக்கொடுப்பது உன் பெயர் வெள்ளிக்கிழமை என்று. அடுத்தது என் பெயர் எசமான் என்று. அவனுடைய அம்மா அவனுக்கு என்ன பெயர் வைத்தாள் என்று கடைசிவரை கேட்கவில்லை. ஆனாலும் டீஃபோ அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறார். கடவுளுக்குப் பிசாசைவிடப் பலம் என்றால் ஏன் பிசாசைக் கொன்றுவிடவில்லை? குரூசோ காது கேட்காதவன் மாதிரி நடித்து, திரும்பக் கேட்கச் சொல்லி, பிறகு ஏதோ சாட்டுச் சொல்லி அவனை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறான். சமய பாட வகுப்பில் எங்களுக்கும் இது நடந்திருக்கிறது.

கடைசிப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்து போன பிறகு லிஸ்பனுக்குப் போகிறான், அங்கிருந்து கடலுக்குப் பயந்து தரைவழியாகத் திரும்பி வருகிறான். கடல் நாவல் பிரெஞ்சு எல்லை மலையில், பனிக்குள், ஓநாய்களோடு முடிகிறது. அந்த முப்பது பக்கத்தை வெட்டியவரை மன்னிக்கலாம்.

இதற்குப் பிறகுதான் நொக்ஸ் வந்தார், கண்டி அரசனிடம் பத்தொன்பது வருடம் பிடிபட்டுக் கிடந்த ஆங்கிலேயர். திருகோணமலையில் கொஞ்சம் வாசிக்கிறவன் எவனும் குரூசோவைப் பற்றிக் கதைத்தால் ஐந்தாவது நிமிடத்தில், "அது எங்கட மூதூர்க் கதைதானே" என்பான். முழுக்கச் சரியில்லை. தீவில் நாலு வருடத்துக்கு மேல் தனியாக இருந்த அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற ஸ்கொட்லாந்து மாலுமியைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் ரொபர்ட் நொக்ஸின் புத்தகம் 1681-இல் லண்டனில் வந்துவிட்டது. 1720-இல் டீஃபோ எழுதிய இன்னொரு கடல் நாவலில் நொக்ஸின் கதையைப் பெயரோடு சுருக்கிச் சேர்த்திருக்கிறார். ஆகவே அவர் அதை வாசித்திருந்தார் என்பதில் சந்தேகம் இல்லை.

நொக்ஸின் கப்பலின் பெயர் 'ஆன்'. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரத்தை வெட்டிவிட வேண்டி வந்தது. புது மரம் பொருத்தவும் கொஞ்சம் வியாபாரம் செய்யவும் மூதூர் இருக்கிற கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். குரூசோவின் கப்பல் உடைந்தது அதே 1659 செப்டெம்பரில் என்பதைக் கவனித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தற்செயலாகக்கூட இருக்கலாம். 1660-இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்டன் நொக்ஸையும், அதே பெயர் கொண்ட பத்தொன்பது வயது மகனையும், மற்றவர்களையுமாகப் பதினாறு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனார். மகன் தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து, பத்தொன்பது வருடம் இருந்து, 1679-இல் அனுராதபுரக் காடு வழியாக மன்னார் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினான்.

மண்ணெண்ணெய் வருகிறது வருகிறது என்று சொல்லி, ஆகஸ்டில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாகி வந்தது. பெற்றோலும் கோட்டா முறையில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் மூதூருக்குப் போனேன். முன்பெல்லாம் வழியில் ஆற்றுவாய்க்கு ஆற்றுவாய், ஆளையும் வண்டியையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவைப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்திலிருந்து லோஞ்ச். இப்போது கிண்ணியாப் பாலத்தில் 396 மீற்றரை அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். மகாவலி கடலோடு சேருகிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக இருந்தது.

மூதூரில் கப்டன் இருந்ததாகச் சொல்லப்படும் புளியமரம் இப்போது இல்லை. 64-ஆம் ஆண்டுச் சூறாவளியில் விழுந்தது என்கிறார்கள். 1893-இல் வைத்த கல் இருக்கிறது. இது வெள்ளைக்காரனின் மரம், இதன் கீழ் கப்டன் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டார், கண்டி அரசன் அவரைப் பத்தொன்பது வருடம் சிறை வைத்தான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கப்டன் அப்பா. பத்தொன்பது வருடம் இருந்தது மகன். ஒரே பெயராக இருந்ததால் கல் வெட்டினவர் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிட்டார். பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது முதலாளி காக்கா, "எங்கிருந்து வாறீங்க தம்பி, பேப்பரா?" என்று கேட்டார். இல்லை, சும்மா கல்லைப் பார்க்க என்றேன். "அந்தப் புளியில எங்கட வாப்பா ஏறி விழுந்து கை முறிஞ்சவர்" என்றார். கல்லில் அதற்கும் ஒரு வரி இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இணையத்திலிருந்து நொக்ஸின் புத்தகத்தை இறக்கி வாசித்தேன். குரூசோவைத் தேடித்தான் போனேன். அகப்பட்டது வேறு ஓர் ஆள்.

அப்பா நொக்ஸ் தனக்குப் பணிவிடை செய்யப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு கறுப்புப் பையனைக் கொண்டுவந்திருந்தார். பெயர் இல்லை. பையன் என்றுதான் எழுதுகிறார் மகன். பரங்கிப்பேட்டைப் பையன் தமிழைத் தவிர வேறு என்ன பேசியிருப்பான்? இரண்டு நொக்ஸும் காய்ச்சலில் விழுந்து கிடக்கிறபோது மகன் ஒரு குறை எழுதுகிறான். தன் எசமான் தன் நிறத்து ஆட்களிடம் கைதியாகிவிட்டார் என்று கண்டதும், இந்தப் பையன் சொல்வழி கேட்பதில்லையாம். தனக்கு விருப்பமானதை மட்டும் செய்கிறானாம்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். சூரி, எசமானுக்காகச் சாகத் தயாரென்றான், விற்கப்பட்டான். வெள்ளிக்கிழமை எசமானின் காலைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். இரண்டும் லண்டனில் ஒருவர் மேசையில் இருந்து எழுதினது. எங்கள் குடாவில் உண்மையில் நடந்ததில் அந்தப் பையன், இன்றைக்கு நான் தண்ணி எடுக்கப் போகவில்லை என்கிறான்.

அப்பா செத்த அன்று மகனுக்கு எழும்பக்கூடச் சத்தில்லை. புதைக்க உதவி கேட்டு அந்தப் பையனை ஊராரிடம் அனுப்புகிறான். ஊரார் மாடு கட்டுகிற கயிற்றைக் கொடுத்துவிடுகிறார்கள், கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போ என்று. கடைசியில் கூலி கொடுத்து ஒருவனைப் பிடித்துத்தான் புதைக்கிறான். அந்தப் பக்கத்தை எந்தக் கல்மனமும் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. எனக்கும் முடியவில்லை. அந்த மகன்மேல் வந்த இரக்கம் இன்னும் போகவில்லை.

அதனால்தான் அடுத்தது என்னை அறைந்தது. ஊர் திரும்பிய நொக்ஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு கப்பலைக் கொடுத்தது. 1684-இல் அந்தக் கப்பலை மடகஸ்காருக்கு அனுப்பினார்கள். எதற்கு? செயின்ட் ஹெலினாத் தீவுக்கு அடிமைகள் கொண்டுவர. பத்தொன்பது வருடம் பிடிபட்டுக் கிடந்தவர் போனார். செயின்ட் ஹெலினாவில் அவருடைய மாலுமிகளே கலகம் செய்து, அவரைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலோடு ஓடிவிட்டார்கள். அடிமையாக இருந்துவிட்டு அடிமை வாங்கப் போன குரூசோவை நான் நம்பமுடியாத பாத்திரம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். டீஃபோ அந்த ஆளை மிகைப்படுத்தவே இல்லை.

இதையெல்லாம் கரையில் வைத்துத்தான் அண்ணைக்குச் சொன்னேன். எஞ்சினைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். முதல் நாள் கடல். படகைச் சுற்றி அவருடைய மகன், மருமகன், இன்னும் ஒரு பெடியன். உருளைக்கட்டைகளைப் போட்டுக்கொண்டே கேட்டார். கப்டன் செத்ததற்கு "ச்" கொட்டினார். மகன் தப்பினதற்குத் தலையாட்டினார். மடகஸ்கார்க் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"அந்தப் பரங்கிப்பேட்டைப் பெடியனுக்குப் பேர் போடேல்லையா?"

"இல்லை அண்ணை."

"அவ்வளவு எழுதினவனுக்கு ஒரு பேர் எழுத ஏலாமப் போச்சு." வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "சரி, செருப்பைக் கழட்டிப்போட்டு இந்தப் பக்கம் வாங்க தம்பி. ஒரு ஆள் குறையுது."

கழற்றி மணலில் வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்தேன். படகு மூன்றாம் தள்ளில் தண்ணீரைத் தொட்டது. திரும்பி வந்து பார்த்தால் ஒரு செருப்பை அலை இழுத்துக்கொண்டு போயிருந்தது.